ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் போன்

பிரசவ வார்டில் டிக்கெட் வெட்டி அனுப்பும் நாளில் தாயிடம் மூன்று சாமான்கள் இருக்கும்: பிள்ளை, பிள்ளையின் கிளினிக் புத்தகம், கைபேசி. முதல் இரண்டையும் எப்படிப் பார்த்துக்கொள்வதென்று பேராதனை போதனா வைத்தியசாலைத் தாதியர் சொல்லித்தான் அனுப்புவார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் ஹந்தானைச் சரிவிலோ, கலஹாப் பக்கத்து லயத்திலோ, கெலிஓயாவில் ஒரு வாடகை அறையிலோ போய்ச் சேர்ந்த பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு அவளோடு விழித்திருப்பது அது ஒன்றுதான். அதை உருப்படியாகப் பயன்படுத்தும் வழி இது.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாளளவில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். வடியவில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களில் 19.8 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு ஏதேனும், முக்கியமாக மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. கிளினிக் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரில் ஒருத்தி.

முதல் வேலையை ஏழாம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். போனில் மூன்று இலக்கங்கள் ஏற வேண்டும். ஒன்று, உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸின் கைபேசி. கிளினிக் நாளில் நேரே கேட்டு வாங்குங்கள். இரண்டு, 1926. இது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், இரவு பகல் இயங்குவது. அழைத்தவுடன் கதையைத் தொடங்காமல் "தமிழில பேசணும்" என்று முதலில் சொல்லுங்கள். மூன்று, 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

இரண்டாவது, பூட்டு. நம் வீடுகளில் போன் ஒருவருடைய சொத்தாக இருப்பதில்லை. புருஷன் எடுப்பார், மாமியார் எடுப்பார், மச்சினன் கேம் விளையாட எடுப்பான். "பெத்தவளுக்கு என்னடி கவலை" என்று ஒரு வார்த்தை வந்துவிடும் என்ற பயத்திலேயே பலர் யாருக்கும் ஒன்றும் அனுப்புவதில்லை. வட்ஸ்அப்பில் ஒரு உரையாடலை அழுத்திப் பிடித்தால் அதை மட்டும் பூட்டும் வசதி 2023இல் வந்தது. மிஸ்ஸோடு பேசுவதை அப்படிப் பூட்டலாம். 1926ஐ "டெய்லர் அக்கா" என்று பதிந்துகொண்டாலும் குற்றமில்லை. வீட்டில் அடி உதை என்றால் விஷயம் வேறு. அப்போது போனில் தடயம் விடாமல், பெரிய வைத்தியசாலைகளில் உள்ள 'நட்பு நிலையம்' பிரிவைக் கேட்டு நேரில் போங்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம்.

மூன்றாவது, இரவு. பால் கொடுக்கும்போது பேஸ்புக்கைத் தள்ளிக்கொண்டே போவது எல்லோரும் செய்வதுதான். அங்கே தெரியும் பிள்ளைகளெல்லாம் கொழுகொழுவென்றிருக்கும், தாய்மாரெல்லாம் சீவிச் சிங்காரித்திருப்பார்கள். பிள்ளை உறங்கிய பிறகும் வெளிச்சம் கண்ணை விடாது. போன் அமைப்பில் 'தொந்தரவு செய்யாதே' என்பதை இரவு ஒன்பதுக்குப் போட்டு, அம்மாவுக்கும் புருஷனுக்கும் மட்டும் விலக்குக் கொடுங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியும் இருக்கிறது. நிறம் போனால் பாதி மயக்கம் போய்விடும். பால் கொடுக்கும்போது துணை வேண்டுமென்றால் காதுக்குக் கேளுங்கள்: வானொலி நாடகம், பழைய பாட்டு.

நான்காவதுதான் முக்கியம். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு, 1987இல் வெளிவந்தது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்றுதான் கேட்கும். இலங்கையில் பிரசவத்துக்குப் பிந்திய கிளினிக்கில் இதையே பயன்படுத்துகிறார்கள். தமிழிலும் இருக்கிறது. போனில் தேடி எடுத்து நீங்களே நிரப்பலாம், ஆனால் கூட்டும்போது கவனம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. சில கேள்விகளில் மேலே உள்ள பதிலுக்கு 0, சிலவற்றில் மேலே உள்ளதற்கே 3. தலைகீழாகக் கூட்டிவிட்டுச் சிரித்தபடி போனை வைத்தவர்களும் உண்டு, வீணாகப் பயந்தவர்களும் உண்டு. மொத்தம் 30க்கு 10 வந்தாலோ கூடினாலோ மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். இந்த எண் நோயைச் சொல்லாது, இன்னும் கொஞ்சம் விசாரிக்கச் சொல்லும். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர எந்தப் பதில் வந்தாலும் மொத்தப் புள்ளியைப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள்.

சரி, மிஸ்ஸிடம் என்னவென்று சொல்வது? எழுத வராது, நேரில் சொல்ல வெட்கம். குரல் பதிவு அனுப்புங்கள். ஒரு நிமிடம் போதும், டேட்டாவும் அதிகம் தின்னாது. இப்படி இருந்தால் போதும்:

"மிஸ், நான் மேல் லயத்துல இருந்து பேசுறேன். புள்ள நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் புடிக்கல. புள்ள தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரல. இப்புடி ரெண்டு வாரமாச்சு. சோறு எறங்கல. நீங்க இந்தப் பக்கம் வரும்போது என்னைய தனியா பாருங்க."

எத்தனை நாள், தூக்கம், சாப்பாடு, தனியாகப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள், நான்கும் இதில் இருக்கின்றன. பிரசவமான முதல் பத்து நாளில் மிஸ் வீட்டுக்கு வரும் வழக்கம் இருக்கிறது, அதற்குப் பிறகும் வருவார். முன்கூட்டியே இந்தக் குரல் போயிருந்தால், மாமியார் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லத் தேவையில்லை. மேலே சிக்னல் கிடைக்காவிட்டால் பதிவு செய்து அனுப்புங்கள்; சந்திப் பக்கம் இறங்கும்போது தானாகப் போய்விடும்.

செயலிகளைப் பற்றி என் அபிப்பிராயம்: பெரும்பாலானவை ஆங்கிலம், அதிலும் பாதி காசு கேட்பவை. செயற்கை நுண்ணறிவுப் பெட்டியோடு பேசினால் நயமாகத்தான் பதில் சொல்லும், வீட்டுக்கு வந்து பிள்ளையை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளாது. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், சாதாரண பெண் சுகாதாரப் பணியாளருக்கு ஒரு பேச்சுமுறையில் பயிற்சி கொடுத்து மனச்சோர்வுள்ள தாய்மார் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில், அந்தப் பேச்சுமுறை கிடைத்தவர்களில் 23 சதவீதத்தினர்தான் சோர்வில் இருந்தார்கள். வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். அந்தப் பேச்சுமுறையில் ஒரு பகுதி, தலைக்குள் ஓடும் நினைப்பைப் பிடித்துப் பார்த்து, சின்னதாக ஒரு காரியத்தைச் செய்வது. அதற்கு உங்கள் போனே போதும். நாளுக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள்: "குளிச்சியா?", "பக்கத்து வீட்டு அக்காவோட பத்து நிமிஷம்".

வீட்டுக்காரர்களுக்கு ஒரு பத்தி. பெற்றவள் இரண்டு மூன்று நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்தால், இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், பிள்ளை மாறிவிட்டதென்றோ பிள்ளையை ஏதோ செய்யச் சொல்கிறார்கள் என்றோ பேசினால், பேய் பிசாசு என்று கயிறு கட்டப் போகாதீர்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும் கடும் நோய் இது. தனியே விடாமல், பிள்ளையை வேறொருவர் வாங்கிக்கொண்டு, 1990க்கு அடியுங்கள். சிகிச்சையால் குணமாகும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகளும் உண்டு. வைத்தியரிடம் கேளாமல் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கடைசியாக, போன் நாட்காட்டியைத் திறங்கள். பிரசவ விடுமுறை முடியும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மறுபடி கொழுந்துக்கோ, கடைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போகும் நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணியடிப்பு வையுங்கள். மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். அந்த ஞாயிறு சாயங்காலம், பிள்ளை உறங்கிய பிறகு, அதே பத்துக் கேள்விகளை மறுபடி எடுத்து, சரியாகக் கூட்டுங்கள்.