இடிபாட்டு மனைகளில் பாத்திகள்: நியூயார்க் சமூகத் தோட்டங்களின் அனுபவம்

1970-களில் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலையை நோக்கிச் சரிந்தபோது, மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடிலும் தென் பிராங்ஸிலும் வரி கட்ட விரும்பாத உரிமையாளர்கள் கைவிட்ட குடியிருப்புகள் எரிந்தும் இடிந்தும் போய், தெருவுக்குத் தெரு செங்கல் குவியலும் குப்பையும் நிறைந்த வெற்று மனைகளாயின. வேலையும் அக்கம்பக்க உறவும் ஒருசேரப் பறிபோன அப்பகுதிகளை விட்டு வெளியேறாதவர்கள் அம்மனைகளைத் துப்புரவு செய்து பயிரிட்டதில் உருவானவையே அந்நகரின் சமூகத் தோட்டங்கள். அதாவது, தனியொருவருக்குச் சொந்தமில்லாத நிலத்தைச் சுற்றுவட்டாரத்தார் கூட்டாகப் பேணி, பாத்திகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஓவியர் லிஸ் கிறிஸ்டியும் அவருடைய தோழர்களும் 1973-இல் பவரி, ஹௌஸ்டன் தெருக்கள் சந்திக்கும் முனையில் தொடங்கிய தோட்டத்துக்கு, மறு ஆண்டே நகராட்சி மாதம் ஒரு டாலர் வாடகையில் அனுமதி தந்தது.

இழப்பைச் சந்தித்தவர்களின் மனத்துயர் இத்தகைய தோட்டங்களில் தணிவதற்குப் பசுமையே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. பிலடெல்பியாவில் 541 வெற்று மனைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது: குப்பை அகற்றிப் புல்லும் சில மரங்களும் நட்ட மனைகளின் அருகே வசித்தவர்களிடம், மனச்சோர்வு இருப்பதாகச் சொல்வது 41.5 விழுக்காடு குறைந்தது. ஆனால் அங்கே வசித்தவர்கள் மண்வெட்டியைத் தொடவில்லை. பார்த்திருப்பதாலேயே இவ்வளவு கிடைக்குமானால், உழைப்பதால் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்னும் கேள்வி எழுகிறது. நெதர்லாந்தில் 2011-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், மன அழுத்தம் தரும் பணியை முடித்தவர்களில் ஒரு பகுதியினர் அரைமணி நேரம் தோட்டவேலை செய்ய, மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்தனர். அழுத்தத்தின்போது உடல் சுரக்கும் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீர் இரு தரப்பிலும் குறைந்தாலும், தோட்டத்தில் இருந்தவர்களிடமே கூடுதலாகக் குறைந்தது. எனினும் சமூகத் தோட்டத்தின் தனித்தன்மை இந்த அரைமணியில் அடங்குவதில்லை. தன்னை ஓரிடத்தில் எதிர்பார்க்கிறார்கள் என்ற நிலை, இழப்புக்குப் பின் நாட்களை அடையாளம் தெரியாமல் கழிப்பவருக்கு ஒரு கிழமையையும் ஒரு வேளையையும் மீட்டுத் தருகிறது.

ஆகவே நீர் பாய்ச்சும் முறைப்பட்டியலே தோட்டத்தின் உயிர்நாடி. ஒவ்வொரு முறைக்கும் இருவரைச் சேர்த்துப் போடுவது நல்லது. படுக்கையை விட்டு எழ முடியாத நாளில் ஒருவர் வராமற்போனால் நாற்று வாடிவிட்டது என்ற குற்றவுணர்வும் அவர் தலையில் ஏறக் கூடாது. வந்தவரிடம் அவருடைய துயரத்தைக் கேட்பதைவிட, களை பிடுங்க வேண்டிய பாத்தியைக் காட்டுவதே பண்பு. கதை வர வேண்டிய நேரத்தில் தானே வரும். முதற்பயிராக நான்கு வாரங்களில் பறிக்கக்கூடிய சிறுமுள்ளங்கியைக் கொடுப்பது, இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வைக்கும் தக்காளியைக் கொடுப்பதைவிடப் பொருத்தமானது. துயரத்தில் இருப்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது சற்றுக் கொடுமையே.

மண்ணைச் சோதிக்காமல் விதைப்பது கட்டடம் இடிந்த இவ்வகை மனைகளில் ஆபத்தானது. பழைய வண்ணப்பூச்சிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் படிந்த ஈயம் அகலாமல் தங்கியிருக்கும் என்பதால், மரப்பலகையால் சட்டமடித்து வெளியிலிருந்து கொணர்ந்த மண்ணையும் மட்கிய உரத்தையும் நிரப்பும் மேடைப் பாத்தியே நியூயார்க்கில் வழக்கமாயிற்று. குனிய இயலாத முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும், அதையே இடுப்பளவு உயர்த்திவிட்டால் தோட்டம் எட்டும் தொலைவுக்கு வந்துவிடுகிறது.

நிலம் முழுவதையும் பாத்தியாக்கும் ஆசையை அடக்குவது பாத்தி அமைப்பதைவிடக் கடினம். தென் பிராங்ஸின் ரிங்கோன் கிரியோயோ தோட்டத்தில் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறியவர்கள், தம் ஊர்ப்பக்கத்து மரவீட்டின் சாயலில் 'காசிட்டா' எனப்படும் திண்ணை வைத்த சிறு வீட்டை எழுப்பினார்கள். டொமினோ ஆடவும், மேளம் கொட்டிப் பாடும் 'பிளேனா' இசையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவும் அதுவே இடமாயிற்று. விளைச்சலைக் கணக்கிடும் திட்டவியலாளர் இதை வீணான சதுர அடியாகக் காணக்கூடும். ஆனால் உட்கார இடமில்லாத தோட்டத்தில் வேலை முடிந்ததும் அனைவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எழுத்துமூல உரிமை இல்லாத தோட்டம் இரண்டாம் முறையும் இழப்பைத் தர வல்லது. 1999-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை நகராட்சி ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, இலாப நோக்கற்ற இரு அமைப்புகள் கடைசி நேரத்தில் விலை கொடுத்து அவற்றைக் காத்தன. அந்த ஏற்பாட்டில் சேராத, கிழக்கு 7-ஆம் தெருவின் எஸ்பெரான்சா தோட்டம் 2000 பிப்ரவரியில் இயந்திரங்களால் தகர்க்கப்பட்டது. தொடங்கும்போதே நில உரிமையாளரிடமிருந்து காலவரையறையுடன் ஒப்பந்தம் பெறுவதும், உறுப்பினர் பெயர்ப்பட்டியலை நடப்பில் வைத்திருப்பதும் சலிப்பூட்டும் வேலைகளாயினும், விதை வாங்குவதற்கு முன்பே செய்யப்பட வேண்டியவை. நகராட்சியின் கிரீன்தம் திட்டத்தில் உள்ள தோட்டங்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரந்தோறும் 20 மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பூட்டைத் திறந்து காவலிருக்க ஆள் வேண்டுமே என்று உறுப்பினர்கள் இதைச் சுமையாகக் கருதுவது இயல்பெனினும், பாத்தி எதுவும் கேட்காமல் பெஞ்சில் சற்று நேரம் இருந்துவிட்டுப் போக விரும்புபவர் உள்ளே வருவது அந்த மணிநேரங்களில்தான்.