பாலைப்பழம் பழுக்கும் மாதம்

மின்னேரியாவுக்கு நாங்கள் முதன்முதலில் போனது ஒரு மார்கழி விடுமுறையில். பள்ளிக்கூடம் மூடியிருந்தது, பிள்ளைகள் வீட்டில் நின்றார்கள், வவுனியாவில் வானும் பிடித்தாயிற்று. ஜீப்பில் ஏறி உள்ளே போனால் குளம் கரை தெரியாமல் தளும்பிக்கொண்டிருந்தது. மகாசேன மன்னன் கட்டிய அந்தப் பெருங்குளத்தைச் சுற்றி மூன்று மணித்தியாலம் ஓடியும் ஒரு யானையைக்கூடக் காணவில்லை. சின்னவள் அழுதே விட்டாள். திரும்பும் வழியில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சாரதியிடம் பேச்சுக் கொடுத்தேன். காடு முழுக்கத் தண்ணீர் கிடக்கும்போது யானை எதற்காக இந்தக் குளத்துக்கு வரவேண்டும் என்று கேட்டார். குளம் வற்றும்போது வாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து எந்தத் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டாலும் முதலில் இரண்டு விடயங்களைத்தான் விசாரிக்கிறேன். தண்ணீர் எங்கே நிற்கிறது? என்ன பழம் பழுத்திருக்கிறது? தங்குமிடம், வாகனம், லீவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஆவணியில் மறுபடியும் மின்னேரியா போனோம். குளம் பாதிக்கு இறங்கியிருந்தது. நீர் விலகிய சேற்று நிலமெல்லாம் பச்சைப் புல். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு காட்டோரத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கின. நல்ல வருடங்களில் 200, 300 யானைகள்கூட இங்கே ஒன்றுசேரும். எங்களுக்குக் கிட்டத்தில் நின்ற ஒரு பெண் யானையைத்தான் நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புல் கட்டையாக இருந்ததால் முன்னங்கால் நகத்தால் நிலத்தைச் செதுக்கி, தும்பிக்கையால் கூட்டி அள்ளி, காலில் தட்டி மண்ணை உதறிய பிறகே வாயில் வைத்தது. நாங்கள் கீரையை உதறுவதைப் போலவே இருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே நின்ற குட்டி அதே வேலையைச் செய்து பார்த்துப் பார்த்து, புல்லை நழுவவிட்டுக்கொண்டிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆவணி என்றாலே யானை நிச்சயம் என்று இனி நம்ப முடியாது. மேலேயிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு வரட்சியிலும் குளம் நிறைந்து நிற்கும் வருடங்கள் வந்திருக்கின்றன. நீர் இறங்காவிட்டால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் யானையும் இல்லை. வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எனக்கும் தெரியும், நானும் கமக்காரன் மகள்தான். ஆனாலும் அந்தப் புல்வெளி மூழ்கிக் கிடப்பதைக் கேள்விப்படும்போதெல்லாம் மனம் கனக்கிறது. புறப்படுமுன் அங்குள்ள ஜீப் சாரதி ஒருவருக்குப் போன் எடுத்து, குளம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். பக்கத்துக் கவுடுல்லைக்கு யானைகள் போயிருந்தால் அதையும் அவரே சொல்லிவிடுவார்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது வில்பத்து. 1938 இல் தேசியப் பூங்காவான இது 1,300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமானது, நாட்டிலேயே பெரியது. வவுனியாவில் பிறந்து வளர்ந்தும் நாற்பது வயது வரை அதற்குள் கால் வைத்ததில்லை. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்த காடு. இடையில் திறந்து, 2006 இல் கண்ணிவெடியில் ஆட்கள் இறந்த பிறகு மறுபடியும் மூடி, போர் முடிந்த பின்தான் திறந்தார்கள்.

வில்லுகளால் பெயர்பெற்ற காடு அது. வில்லு என்றால் மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான பள்ளம். யாரும் வெட்டியதல்ல, அணைக்கட்டும் இல்லை, மதகும் இல்லை. வெண்மணல் விளிம்பு, நடுவில் தாமரை, சுற்றிவரக் காடு. ஆனி, ஆடியில் மற்ற இடமெல்லாம் காயக் காய, உயிர்கள் எல்லாம் இந்த விளிம்புக்குத்தான் வந்து சேரும்.

எங்களைக் கூட்டிப்போனவர் புத்தளம் பக்கத்து நானா ஒருவர். முதல்நாள் வாசலிலேயே, "நானா, சிறுத்தை கட்டாயமில்லை, நீங்கள் ஆறுதலாகப் போங்கோ" என்று சொல்லிவிட்டேன். இதைவிடப் பயனுள்ள வார்த்தையை நான் இதுவரை சொன்னதில்லை. சிறுத்தையைக் காட்டாவிட்டால் வந்தவர்கள் முகம் சுருங்கிவிடும் என்ற பயத்தில்தான் சாரதிமார் பறக்கிறார்கள். அந்தப் பாரத்தை இறக்கிவிட்டால் அவர்களே வேறு ஆளாகிவிடுவார்கள். நானா ஒரு வில்லுக்கரையில் என்ஜினை நிற்பாட்டிவிட்டுப் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், கரடி பாக்க வேணுமெண்டா பாலை பழுக்கிற நேரம் வாங்க."

பாலைப்பழத்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. வன்னியில் வீதியோரம் வைத்து விற்பார்கள். மஞ்சளாய், சின்னதாய், தேன் போல இனிக்கும். தின்றபின் உதடு இரண்டும் பால் பிசினில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஆனியில் போனபோது, பாதையோரப் பாலை மரத்தில் பட்பட்டென்று கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. நானா ஜீப்பை நிற்பாட்டினார். மேலே, கறுத்த மயிர்ப் பந்து போல ஒரு கரடி. ஒரு கையால் கொப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு, உதட்டை நீட்டிப் பழத்தை ஒவ்வொன்றாக உறிஞ்சியது. மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்க ஒரு மான்கூட்டம் நின்றது. காட்டுக்கு விறகுக்கும் தேனுக்கும் போகிற எங்கள் ஊர் ஆண்கள் யானையைவிடக் கரடிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான். அவர் பயந்த மிருகத்தை, அவர் எனக்குக் கொண்டுவந்து தந்த அதே பழத்தைத் தின்னக் கண்டபோது கண் கலங்கியது.

வில்பத்துவுக்கு அரைநாள் போதாது. முழுநாள் எடுங்கள், மத்தியான வெயிலில் ஒரு வில்லைத் தெரிந்தெடுத்து அங்கேயே காத்திருங்கள். யால போகிறவர்கள், சனம் அதிகம் வரும் முதலாம் வலயத்தை வழக்கமாகப் புரட்டாதி வரட்சியில் சில வாரங்கள் மூடிவிடுவார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

ஹோர்டன் சமவெளியில் கணக்கு நாளில் இல்லை, மணித்தியாலத்தில். 2,100 மீற்றருக்கு மேலே கிடக்கும் அந்தப் புல்வெளியில் இறங்கி நடக்கலாம். சுற்றிவர ஏறக்குறைய 9 கிலோமீற்றர். ஆறு மணிக்கு வாசலில் நின்றுவிட வேண்டும். பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, நேரே உலக முடிவுக்கு நடவுங்கள். ஒன்பது, பத்து மணியளவில் முகில் ஏறிவிட்டால் 800 மீற்றருக்கும் மேலான அந்தச் செங்குத்துப் பள்ளம் வெறும் வெள்ளைச் சுவராகிவிடும். நேரத்தோடு போனால், அடியில் தேயிலைத் தோட்டமும் லயன்களின் தகரக் கூரைகளும் தெரியும். நிலத்தில் படிகிற அந்த முகில்தான் மகாவலி, களனி, வளவை கங்கைகளின் தலைநீருக்கு ஊட்டம். வாசலில் பையைச் சோதித்துப் போத்தலில் சுற்றிய பொலித்தீனைக் கிழித்தெடுக்கும்போது முகம் சுளிக்க வேண்டாம். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மரை பிஸ்கட் உறையை மென்றுகொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

நடக்க விரும்புவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. கதிர்காம உற்சவத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு, உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளுக்கூடாகப் பாதயாத்திரைக்கு வழி திறந்துவிடுகிறார்கள். அம்மா போயிருக்கிறா. வற்றிய ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தார்களாம். விடியப் போய்ப் பார்த்தால் ஊற்றின் விளிம்பெல்லாம் யானைத் தடம். "எங்களுக்குப் பிறகு அதுகளும் வந்து குடிச்சிருக்குதுகள்" என்று அம்மா சொல்லும்போது குரலில் பயமே இருக்காது.

ஒவ்வொரு வைகாசியும் நானாவுக்கு ஒரு போன் எடுப்பேன். போனமுறை கேட்டபோது, "இன்னும் காயாத்தான் கிடக்கு டீச்சர், ரெண்டு கிழமை பொறுங்க" என்றார். பிள்ளைகள் கட்டிவைத்த பையை அவிழ்த்துவிட்டுப் பயணத்தை இரண்டு கிழமை தள்ளிப்போட்டோம்.