பின்கட்டுக் கிடங்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மின்சாரம்



கடையின் முன்பக்கத்துக்குச் செய்யும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட நாம் பின்பக்கத்துக்குச் செய்வதில்லை. முன்னால் கண்ணாடி, விளக்கு, பெயர்ப்பலகை. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கிடங்கு, அதையொட்டித் தரைத்தொட்டி, தொட்டியில் ஒரு மோட்டார். அங்கே மின்சாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தால், கடைக்குள் ஏதோ ஒரு பிளக்கிலிருந்து இரட்டை ஒயர் ஜன்னல் வழியாக வெளியேறி, முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டிய இரண்டு மூன்று இணைப்புகளோடு போய்ச் சேர்ந்திருக்கும்.

என் கிடங்கிலும் 1998 வரை அப்படித்தான் இருந்தது. அந்த வருட ஐப்பசி மழையில், மோட்டார் குழாயைத் தொட்ட என் கடை ஊழியர் அப்படியே ஒட்டிக்கொண்டார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஓடிவந்து காய்ந்த பலகையால் கையைத் தட்டிவிட்டதால் உயிர் பிழைத்தார். பீஸ் போகவே இல்லை. கழற்றிப் பார்த்தால், அடிக்கடி போகிறதே என்று நானே முறுக்கி வைத்த மூன்று இழைக் கம்பி! அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்தது, கம்பி ஓர் இழையாகவே இருந்திருந்தாலும் பீஸ் போயிருக்காது என்பது. மனித உடலில் 10 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் பாய்ந்தாலே விரல்கள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, இதயத்தை நிறுத்தப் போதுமானது. நம் மோட்டாருக்கு இருப்பதோ 16 ஆம்பியர் பீஸ் அல்லது எம்.சி.பி. அது ஆளைக் கொல்லும் அளவைப்போல் 160 மடங்கு. ஒயர் எரியாமல் காப்பதுதான் அதன் வேலை. ஆளைக் காப்பது அதன் வேலையல்ல.

ஆளைக் காக்கும் சாதனம் ஆர்.சி.சி.பி. எலக்ட்ரீஷியன்களும் மின்சாமான் கடைக்காரர்களும் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். அது வேலை செய்யும் விதம் நமக்கு எளிதில் விளங்கும், ஏனென்றால் அது ஒரு கணக்குப்பிள்ளை. பேஸ் கம்பியில் எவ்வளவு மின்சாரம் போனதோ, அவ்வளவும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வர வேண்டும். போனதும் வந்ததும் பேரேட்டில் சரியாக இருந்தால் பேசாமல் இருக்கும். குறைந்தால், அந்த மிச்சம் யாருடைய உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்க வேண்டும். 100, 300 என்று இருப்பவை ஆளைக் காப்பதற்கானவை அல்ல. விலை ஏறக்குறைய ஒரு மூட்டைச் சர்க்கரைக்கு ஆவதுதான். ஒன்று மட்டும்: பேஸையும் நியூட்ரலையும் ஒருவரே இரண்டு கையால் பிடித்தால் இதன் கணக்கில் குறைவு தெரியாது. அதிலிருந்து இது காப்பாற்றாது.

கிடங்குக்கும் தொட்டிக்கும் மெயின் போர்டிலிருந்தே தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி. வைத்து ஒயர் எடுக்க வேண்டும். இரண்டு கம்பி போதாது. பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று வேண்டும். ஒரு குதிரைசக்தி மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி சரியாக இருக்கும். முற்றத்தைக் கடப்பதானால், இரும்புக் கவசம் போட்ட கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்கி மூடுவது நல்லது. பிற்பாடு கடப்பாரை போடுகிறவனுக்குச் செங்கல்தான் எச்சரிக்கை. நடுவில் இணைப்பு கூடாது. செலவை மிச்சம் பிடிக்க வீட்டு மீட்டரிலிருந்து கிடங்குக்கு ஒயர் இழுப்பவர்களும் உண்டு. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அதற்கு இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

எர்த் விஷயத்தில் நம்மில் பலர் ஏமாந்திருக்கிறோம். அந்தக் காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றிவிட்டுப் போவார்கள். பிறகு குழாயெல்லாம் பிளாஸ்டிக்காக மாறியது. கம்பி அங்கேயே சுற்றியபடி இருக்கிறது, எர்த் மட்டும் இல்லை! முறையான எர்த் என்பது இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. குழாயைப் பூமியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரம் காப்பது. அந்த உப்பே குழாயையும் அரிக்கும். பாலாற்றங்கரையில் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன கதை. இப்படிப்பட்ட மண்ணில் குழாய் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்ப்பது உத்தமம்.

உப்பைப் பற்றி இன்னொரு சங்கதி. ஆர்.சி.சி.பி. வைத்த புதிதில் என் கிடங்கில் மழை வந்தாலே இணைப்பு விழும். இரண்டு முறை வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "இந்தத் தொல்லையைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடட்டுமா அண்ணாச்சி?" என்றார். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஊழியரின் முகம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்தபோது, தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குப் போகும் கல்லுப்பு மூட்டைகளைச் சுவிட்சுப் பெட்டி இருந்த சுவரோடு அடுக்கியிருந்தது தெரிந்தது. உப்பு நீர்த்துச் சுவரில் ஏறி, பெட்டிக்குள் பச்சைப் பூத்திருந்தது. பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றி, மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பலகைமேல் அடுக்கினோம். அதோடு நின்றது.

அடிக்கடி விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எலி கடித்த ஒயர், காயில் கசியும் பழைய மோட்டார். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருந்தாலும் கணக்கு ஒத்துவராமல் விழும். இது கடைகளில் சகஜம். எதுவானாலும் காரணத்தைத் தேடுங்கள், சாதனத்தைக் கழற்றாதீர்கள்.

தொட்டியில் மூழ்கும் மோட்டாரை நைலான் கயிற்றில் தொங்கவிட வேண்டும். கேபிளைப் பிடித்துத் தூக்கினால் அது மோட்டாருக்குள் நுழையும் இடம் தளர்ந்து நீர் புகும். தொட்டி கழுவ ஆள் இறங்குமுன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். கடை வாசலில் அழகுக்கு நீரூற்று வைக்கும் அன்பர்கள், டிரான்ஸ்பார்மரோடு வரும் 12 வோல்ட் பம்பைக் கேட்டு வாங்கலாம். குழந்தைகள் கைவைக்கும் தண்ணீரில் 230 வோல்ட் எதற்கு?

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் புகக்கூடிய கிடங்குகளில் பிளக்குகளை இடுப்புக்கு மேலே வைத்துக்கொள்ளவும். நீர் வடிந்ததும் தாமாக மெயினைப் போடாமல், எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போடவும்.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். நான் ஒவ்வொரு அமாவாசையன்றும், கடைக்குப் பூசணிக்காய் சுற்றிய கையோடு அதை அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.