உண்ட உணவு உடலில் சேர்வது எப்படி?

வயலில் எருவை இட்டுவிட்டதனால் மட்டும் பயிர் செழித்துவிடாது என்பதை உழவர் அனைவரும் அறிவர். எரு மட்கிக் கரைய வேண்டும். கரைந்த சத்தை வேர்கள் உறிஞ்ச வேண்டும். அவ்வேரைப் புழு அரிக்காமல் காக்கவும் வேண்டும். மனித உடலின் நிலையும் இதுவே. மூன்று வேளையும் உண்டும் மெலிந்து காணப்படும் குழந்தைகள் உண்டு. உண்பது வேறு, உண்டது உடலில் சேர்வது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்வதைக் கிராம நலனில் அக்கறையுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

வாயும் இரைப்பையும்

ஜீரணம் வயிற்றில் தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வாயிலேயே தொடங்கிவிடுகிறது. பற்கள் உணவை அரைக்கின்றன. உமிழ்நீர் அதனைக் குழைப்பதோடு, மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றவும் தொடங்குகிறது. ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் சிறிது நேரம் மென்றுகொண்டிருந்தால் அது மெல்ல இனிக்கும். இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்து உணவு இரைப்பையை அடைகிறது. அங்கு சுரக்கும் கடுமையான அமிலம் கிருமிகளுள் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. புரதச் சத்தும் சிதையத் தொடங்குகிறது. இரைப்பையின் வேலை வெறும் அரைப்பு வேலை அன்று என்பது ஒரு விபத்தினால் தெளிவாயிற்று. 1822-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. காயம் ஆறியும் துளை மூடவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே உள்ளே இறக்கி, அவை கரைவதைக் கவனித்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்துக் குப்பியிலிட்டு, உடற்சூட்டில் வைத்த போதும் இறைச்சி அதில் கரைந்தது. இச்சோதனைகளை அவர் 1833-இல் நூலாக வெளியிட்டார்.

சத்தை உறிஞ்சும் சிறுகுடல்

ஜீரணத்தின் பெரும்பகுதி நிகழுமிடம் சிறுகுடலே. இதன் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர், அதாவது 20 அடி. ஈரலிலிருந்து வரும் பித்த நீர் கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கிறது. கணைய நீர் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் சிதைக்கிறது.

இவ்வாறு கரைந்த சத்துக்களை ஏற்பதற்காகச் சிறுகுடலின் உட்சுவரில் இலட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் அமைந்துள்ளன. இவை பயிரின் வேர்த்தூவிகளை ஒத்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரமே இருக்கும். இவற்றாலும் இவற்றின் மேலுள்ள நுண்ணிய முளைகளாலும் குடலின் உட்பரப்பு சுமார் 30 சதுர மீட்டராக விரிகிறது. இங்கிருந்து சர்க்கரையும் புரதச் சத்தும் இரத்தத்தில் கலந்து முதலில் ஈரலுக்குச் செல்கின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர்க் குழாய்கள் வழியே சென்று பின்னர் இரத்தத்தை அடைகிறது.

நாம் அருந்தும் நீரும் உடல் சுரக்கும் ஜீரண நீர்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் குடலில் பாய்கின்றன. அவற்றுள் பெரும்பகுதியைச் சிறுகுடலும், எஞ்சியதைப் பெருங்குடலும் மீட்டுக்கொள்கின்றன. மலத்துடன் வெளியேறும் நீர் 200 மில்லிலிட்டருக்கும் குறைவு.

சத்தைக் கொள்ளையிடுவோர்

இத்துணைச் சிறந்த ஏற்பாட்டைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று வயிற்றுப்போக்கு. அசுத்த நீரால் நுழையும் கிருமிகள் குடற்சுவரைத் தாக்கும்போது, மீள வேண்டிய நீரும் உப்பும் வீணே வெளியேறுகின்றன. இரு நாட்களில் ஒரு குழந்தையின் உயிரே பிரிந்துவிடக்கூடும். எனினும் அந்நிலையிலும் குடலில் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் அவ்விரண்டையும் உள்ளிழுக்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. 1971-இல் மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசி மூலம் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த மரணம் 4 சதவீதத்திற்கும் கீழே குறைந்தது.

மற்றொன்று குடற்புழு. திறந்த வெளியில் கழித்த மலத்திலிருந்து கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மண்ணில் பரவி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலில் புகுகின்றன. பின்னர்ச் சிறுகுடலில் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. ஒரு புழு குடிப்பது சொற்பமே. நூற்றுக்கணக்கில் பெருகினால் சோகை உண்டாகிறது. அப்பொழுது நாம் ஊட்டும் கீரையும் முட்டையும் குழந்தைக்கன்றிப் புழுவிற்கே பயன்படுகின்றன.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

1. குடிநீர்த் தொட்டியைத் தவறாது துப்புரவு செய்து, குளோரின் இடச் செய்தல் வேண்டும்.

2. எல்லா வீடுகளிலும் கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது. அனைவரும் அதனைப் பயன்படுத்தும்படி செய்தல் வேண்டும். வயலுக்குச் செல்வோர் செருப்பு அணிதல் நலம்.

3. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படும் குடற்புழு மாத்திரை ஒரு குழந்தைக்கும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஊரில் எந்நேரமும் கிடைக்க வேண்டும். ஒரு பொட்டலத்தை 1 லிட்டர் சுத்த நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். 24 மணி நேரத்திற்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை பருக முடியாமல் துவண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

உழவர் பாடுபட்டு விளைவிக்கும் தானியம் களஞ்சியத்தை அடைவதோடு பயன் முடிந்துவிடுவதில்லை. அது குழந்தையின் இரத்தமாகவும் எலும்பாகவும் மாறும்போதே உழைப்பு நிறைவு பெறுகிறது. அவ்விறுதிப் பயணத்திற்கு வழியமைப்பவை தூய நீரும் தூய மண்ணுமேயாகும். அவற்றைக் காப்பதும் உணவு உற்பத்தியைப் போன்றே பஞ்சாயத்தின் தலையாய கடமை என்பதை நாம் உணர்வோமாக.