தமிழை நிறுத்தினால் பேச்சு வருமா?

நவி மும்பை வாஷியில் ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், முதலில் வந்து விழும் யோசனை இதுதான்: “வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.” மேல்வீட்டு மாமி சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகலாம். நர்சரி டீச்சரும், சில சமயம் வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் சொல்கிறார்கள். பலனைச் சுமப்பது தொடக்கப் பள்ளிச் சிறப்பாசிரியர்கள்: தமிழும் போய், இங்கிலீஷும் வராத பிள்ளை ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிறது. எதைத்தான் குழப்பம் என்கிறார்கள்? பிள்ளை “அம்மா, பானி குடு” என்கிறது. கையில் இருக்கிற சொல்லை எடுத்து வேலையை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தமிழ்ச் சொற்களையும் இந்திச் சொற்களையும் சேர்த்து எண்ணாமல், படங்களைக் காட்டி இங்கிலீஷில் மட்டும் சோதித்தால் எந்தப் பிள்ளையும் பின்தங்கியதாகத்தான் தெரியும்.

கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பர்ட் குழுவினர் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களின் இங்கிலீஷ், அதே வளர்ச்சி நிலையில் இருந்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருமொழிக் குழந்தைகளுடையதைவிட மோசமாக இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பற்றி ஹாம்ப்ளியும் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வும், இரண்டாவது மொழியால் கூடுதல் தாமதம் இல்லை என்றது. சிறிய ஆய்வுகள்தானே, அதுவும் கனடாவில்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தாய்மொழியை நிறுத்தச் சொல்பவர் அந்த அளவுக்காவது ஓர் ஆதாரத்தை மேசையில் வைக்கட்டும். பள்ளியும் தெரபியும் இங்கிலீஷில்தானே என்பது அடுத்த வாதம். பள்ளி மொழி பள்ளியில் வரும். தெரபிஸ்ட் அவர் மொழியில் வேலை செய்யட்டும். வீட்டில் நடப்பதைப் பாருங்கள்: “தண்ணி வேணுமாடா கண்ணா, சூடா இருக்கு, ஊதிக் குடி” என்ற இடத்தில் “ட்ரிங்க் வாட்டர்” என்ற இரண்டு சொல் மிஞ்சுகிறது. பாட்டி வாயை மூடிக்கொள்கிறாள். பேச்சு போதாத பிள்ளைக்குப் பேச்சைக் குறைப்பது என்ன வைத்தியம்? சி.பி.எஸ்.இ. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு தருகிறதே என்று சிலர் அதையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். அது பாடச்சுமை, தேர்வு பற்றிய சலுகை. அடுக்களைப் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் பேச்சு குறைவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தமிழைக் குற்றவாளியாக்கிவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளையின் காதை யாரும் சோதிப்பதில்லை. பாந்த்ராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அதற்காகவே இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பற்றிய மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. சிறப்பாசிரியருக்குப் பொறுமை இருந்தால் போதுமாம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. “அந்த” பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் மற்றவை கெட்டுப்போகுமாம். மிது அலூர் 1972இல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, தாராவி அங்கன்வாடிகளிலேயே எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டிவிட்டது. வகுப்பறைக்குத் தாராவியைவிட நெருக்கடியான இடம் வேண்டுமா?

வாஷியில்தான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான மாநகராட்சியின் ஈ.டி.சி. மையம் இருக்கிறதே, பள்ளிக்குத் தனியாக ஒரு டீச்சர் எதற்கு என்பது உள்ளூர்ச் சரக்கு. மையம் நல்ல மையம். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அக்கம்பக்கப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைப் பிள்ளை பக்கம் வைத்திருக்கிறது. பள்ளி நிர்வாகத்திடம் கொடுக்கவில்லை. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்காமல் இழுத்தடித்ததால் 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. ஒப்பந்த ஆசிரியரை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது பணியிடத்தை நிரப்பியதாகாது. ஆண்டு விழா மேடை அலங்காரத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் பெற்றோர், அடுத்த கூட்டத்தில் இதையும் கேட்கலாம்: பதிவு பெற்ற சிறப்பாசிரியர் எத்தனை பேர், எத்தனை பிள்ளைக்கு ஒருவர், பிள்ளையைச் சோதித்தபோது வீட்டு மொழி எது என்று யாராவது விசாரித்தார்களா?