விலை உயர்ந்தது பழுதாகாதா?

முன்னுரை



நம் வீடுகளில் ஒரு பொருளை வாங்கும்போது பெரியோர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “கொஞ்சம் விலை கூடினாலும் நல்லதாக வாங்கிவிடு, அடிக்கடி ரிப்பேர் வராது” என்பதே அது. பாத்திரங்களுக்கும், தையல் இயந்திரத்துக்கும், மிதிவண்டிக்கும் இந்த வார்த்தை பெரும்பாலும் பொருந்தும். கனமான பித்தளை, மெல்லிய தகரத்தை விட நீடித்து உழைக்கும் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆனால் கணிப்பொறிக்கும் இது பொருந்துமா?

இது வெறும் விஞ்ஞானக் கேள்வி அன்று. பல வீடுகளில் கணிப்பொறி மாதத் தவணையிலோ, அம்மா கட்டிய சீட்டுப் பணத்திலோ வாங்கப்படுகிறது. உங்கள் செய்முறைப் பாடங்கள், அண்ணனின் கல்லூரி விண்ணப்பங்கள், மறைந்துபோன தாத்தா பாட்டியின் புகைப்படங்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரு நாள் காலை அது உயிர் பெற மறுக்கிறது. அப்போது இரண்டு எண்ணங்கள் நமக்குக் கேடு செய்கின்றன. “விலை உயர்ந்தது, கெடாது” என்று நம்பி நாம் எதற்கும் நகல் எடுத்து வைத்திருப்பதில்லை என்பது ஒன்று. “விலை உயர்ந்தது, நாம் தொடக் கூடாது” என்று அஞ்சி, பிறர் கேட்கும் தொகையைக் கொடுத்துவிடுகிறோம் என்பது மற்றொன்று. இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலை மிக்க இயந்திரங்களின் கதை

1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ‘எனியாக்’ என்ற கணிப்பொறி உலகுக்கு அறிமுகமாயிற்று. அதைக் கட்டி முடிக்க ஏறத்தாழ 4,87,000 டாலர் செலவாயிற்று. அதன் எடை சுமார் 30 டன். பழைய ரேடியோப் பெட்டிகளில் இருந்தவை போன்ற வால்வுகள் ஏறக்குறைய 18,000 அதில் இருந்தன. இத்தனை பணம் கொட்டிய இயந்திரம் பழுதில்லாமல் ஓடியதா? இல்லை. தொடக்கத்தில் நாள்தோறும் சில வால்வுகள் எரிந்துபோயின. இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கும்போதுதான், அதாவது சூடேறும்போதும் குளிரும்போதும்தான், பெரும்பாலான வால்வுகள் கெடுகின்றன என்று பொறியாளர்கள் கண்டறிந்தனர். அதனால் அதை நிறுத்தாமலே வைத்தார்கள். தலைமைப் பொறியாளர் எக்கர்ட் என்பவர், வால்வுகளை அவற்றின் முழுத் திறனுக்கு வெகுவாகக் குறைந்த அளவிலேயே இயக்கும்படி முன்பே அமைத்திருந்தார். இவற்றால் பழுது படிப்படியாகக் குறைந்து, இரண்டு நாளுக்கு ஒரு வால்வு என்ற அளவுக்கு வந்தது. அந்தப் பலனைத் தந்தது விலை அன்று. கவனிப்பும் நல்ல அமைப்புமே தந்தன.

மாணவியராகிய நீங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. அந்த இயந்திரத்துக்குக் கணக்குகளை அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு இளம்பெண்கள். அவர்களுக்கு வழிகாட்டி நூல் எதுவும் தரப்படவில்லை. வரைபடங்களைப் படித்தும், பொறியாளர்களைக் கேட்டுக் கேட்டும் அதன் உள்ளமைப்பை அறிந்தார்கள். நாளடைவில், 18,000 வால்வுகளில் எந்த வால்வு கெட்டது என்பதையே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார்கள். “பெண் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு? அண்ணன் வரட்டும்” என்று யாராவது சொன்னால், அந்த அறுவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 1980-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆப்பிள் நிறுவனம் 1977-இல் 1,298 டாலர் விலையில் ‘ஆப்பிள் 2’ என்ற கணிப்பொறியை விற்கத் தொடங்கியிருந்தது. பின்னர் 1980-இல் ‘ஆப்பிள் 3’ வெளிவந்தது. அதன் விலை 4,340 டாலரிலிருந்து 7,800 டாலர் வரை. விசிறி இல்லாமல் அமைக்கப்பட்ட அந்த இயந்திரத்தில், உள்ளே செருகப்பட்டிருந்த சில்லுகள் தம் இருக்கையை விட்டுத் தளர்ந்து மேலெழும்பின. பெட்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிப் ‘பொத்’தென்று மேசைமீது போட்டால் சில்லுகள் மீண்டும் அமர்ந்துகொள்ளும் என்று வாங்கியவர்களுக்கு யோசனை சொல்லப்பட்டது! முதலில் விற்ற 14,000 இயந்திரங்களை நிறுவனம் மாற்றித் தர நேர்ந்தது. ஆப்பிள் 3-இன் உற்பத்தி 1984-இல் நின்றது. விலை குறைந்த ஆப்பிள் 2-இன் வரிசையோ 1993 வரை விற்பனையில் இருந்தது.

இன்னும் ஓர் உதாரணம். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில், பல நிறுவனங்களின் கணிப்பொறிகளில் ‘கெப்பாசிட்டர்’ எனப்படும் சிறு பாகங்கள் தலை வீங்கிக் கசியத் தொடங்கின. சுண்டுவிரல் நுனி அளவே உள்ள மலிவான பாகம் அது. ஆனால் அது கெட்டால் முழு மதர்போர்டும் நின்றுபோகும். 2005-இல் டெல் நிறுவனம் மட்டும் பழுதான பாகங்களுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. எவ்வளவு விலையுள்ள பெட்டியானாலும், அதன் உறுதி அதிலுள்ள மிக நலிந்த பாகத்தின் உறுதியே ஆகும்.

வட்டுகள் சொல்லும் கணக்கு

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் கோப்புகளைத் தாங்கி நிற்கும் ஹார்டு டிஸ்க் எனும் வட்டுக்கு, “சராசரியாக 10 லட்சம் மணி நேரத்துக்கு ஒரு பழுது” என்று தயாரிப்பாளர் அச்சிடுவது உண்டு. ஓராண்டில் 8,760 மணி நேரம். 10,00,000-ஐ 8,760-ஆல் வகுத்தால் 114 வரும். ஒரு வட்டு 114 ஆண்டுகள் உழைக்கும் என்பது இதன் பொருள் அன்று. 114 வட்டுகள் ஓயாமல் ஓடினால், ஆண்டுக்கு ஒன்று கெடும் என்பதே பொருள். அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

நடைமுறையில் அப்படித்தான் இருக்கிறதா? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகிய இருவரும், பெரிய கணிப்பொறி நிலையங்களில் ஓடிய சுமார் ஒரு லட்சம் வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்டுதோறும் மாற்றப்பட்ட வட்டுகள் பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 4 வரை இருந்தன. சில இடங்களில் 13 வரைகூட இருந்தன. வயது ஏற ஏறப் பழுதும் ஏறியது. நம் கேள்விக்கு நேரான விடையும் அதில் இருந்தது. விலை கூடிய உயர்தர வட்டுகளுக்கும், சாதாரண வட்டுகளுக்கும் இடையே மாற்ற வேண்டிய விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியானால் அதிக விலை எதற்கு?

விலை வீண் என்று சொல்ல வரவில்லை. கூடுதல் பணம் கொடுத்தால் கூடுதல் வேகம், அதிக நினைவகம், தெளிவான திரை, குறைந்த எடை ஆகியவை கிடைக்கும். சில வேளைகளில் நல்ல மின்வழங்கியும் நீண்ட உத்தரவாதமும் கிடைக்கும். ‘இனிப் பழுதே வராது’ என்ற வாக்குறுதியை மட்டும் எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. மிக மெல்லிய, விலை உயர்ந்த மடிக்கணிப்பொறிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கெட்டால் பலகையையே மாற்ற வேண்டிவரும். எனவே வாங்கும்போது, “விலை எவ்வளவு?” என்பதோடு, “உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பழுது பார்க்கும் இடம் நம் ஊரில் உண்டா? வட்டையும் நினைவகத்தையும் கழற்றி மாற்ற முடியுமா?” என்றும் பெற்றோர் கேட்பது நலம்.

பழுதறியும் முறை

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது திருவள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன முறை. இயந்திரத்துக்கும் அதுவே முறை.

1. முதலில் குறிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். விளக்கு எரிகிறதா? விசிறி சுற்றுகிறதா? ‘பீப்’ ஒலி எத்தனை முறை கேட்கிறது? திரையில் என்ன எழுத்து வருகிறது? பீப் ஒலியின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கையேட்டில் பாருங்கள்.

2. மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். அதே பிளக்கில் மேசை விசிறியைச் செருகிப் பாருங்கள். அது சுற்றாவிட்டால் பழுது கணிப்பொறியில் இல்லை. பின்னர் வயர், யு.பி.எஸ்., திரையின் சுவிட்சு என்று வரிசையாகப் பாருங்கள்.

3. பிரிண்டர், பென் டிரைவ் முதலிய வெளிச் சாதனங்களைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். மறந்துவிட்ட ஒரு பென் டிரைவ்கூடச் சில சமயம் கணிப்பொறி தொடங்குவதைத் தடுக்கும்.

4. குறியைக் கொண்டு காரணத்தை நாடுங்கள். விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால் மின்வழங்கியைச் சந்தேகிக்கலாம். விசிறி சுற்றியும் திரை இருண்டிருந்தால், திரைக்குச் செல்லும் வயரையும் ‘ராம்’ எனும் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். தளர்ந்த நினைவகத்தைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தினாலே பல கணிப்பொறிகள் எழுந்துவிடும். சில நிமிடம் ஓடித் தானே நின்றால், தூசி அடைத்துச் சூடேறியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் தேதியும் மணியும் பழையதாகக் காட்டினால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி தீர்ந்திருக்கும். அதன் விலை மிகச் சொற்பம். வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்று புதிய ஒலி கேட்டால், வேறு வேலை எதுவும் செய்யாமல் முக்கியமானவற்றை உடனே நகல் எடுங்கள்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றிய பின் இயந்திரம் ஓடினால், எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். நன்றாக ஓடுவது என்று தெரிந்த பாகத்தை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதே உறுதியான சோதனை.

தொடக் கூடாதவை

பெட்டியைத் திறக்கும்முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; வயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஈரக் கையால் தொடக் கூடாது. நம் உடலில் தங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். ஆகவே முதலில் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ள வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். உப்பிய மடிக்கணிப்பொறி பாட்டரியை அழுத்தவோ, குத்தவோ, மீண்டும் சார்ஜ் செய்யவோ கூடாது, தீப்பற்றும். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தை நாமாகத் திறக்காமல், விற்றவரிடம் கொண்டுபோவதே முறை.

கடைக்குக் கொண்டுபோனாலும் உங்கள் நோட்டு உடன் செல்லட்டும். “மதர்போர்டு போய்விட்டது” என்று சொன்னால், “அது எப்படித் தெரிந்தது? வேறு பாகம் பொருத்திப் பார்த்தீர்களா? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? வட்டில் உள்ளவை அழியாமல் இருக்குமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான பழுது பார்ப்பவர் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார். எழுதி வைத்த குறிகள் அவருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

முடிவுரை

மலிவானதும் கெடும்; விலை உயர்ந்ததும் கெடும். கெட்ட பாகத்தைக் கடையில் வாங்கிவிடலாம். அழிந்துபோன தாத்தாவின் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே, மதிப்புள்ள எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கணிப்பொறியில் உள்ளது போக இரண்டு நகல்கள் வேண்டும். அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

வரும் விடுமுறையில் பெற்றோரின் அனுமதியோடு இந்த வேலையை முதலில் செய்யுங்கள். ஒரு மாலைப்பொழுதும், ஒரு சாதாரண வட்டும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும். உங்கள் வீட்டின் நினைவுகள் பத்திரமாக இருக்கும்.