பழைய மோட்டார் படகில் நீர்க்கசிவின் மூலத்தைக் கண்டறிதல்

சேர்வராயன் மலைமேலுள்ள கரடியூர் போன்ற கிராமத்தாருக்குப் படகைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவலாம். ஏற்காட்டு ஏரியும், அதில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தார் நடத்தும் படகுத்துறையும் மலைவாசிகள் யாவரும் அறிந்தவையே. மலையிலாயினும் சமவெளியிலாயினும், ஒரு கூட்டுறவுச் சங்கம் பழைய மோட்டார் படகொன்றை விலைக்கு வாங்க முற்படுமாயின், கொடுக்கப்படும் தொகை அங்கத்தினர்களின் பங்குப்பணமாகும். ஏறிச் செல்வோர் ஒப்படைப்பது தம் உயிரையாகும். ஆகவே, படகின் அடியில் நீர் தேங்கக் கண்டவுடன் தாரைக் காய்ச்சி எங்கும் பூசுவதை விடுத்து, அந்நீர் எவ்விடத்திலிருந்து வந்தது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

ஓட்டு வீட்டில் ஒழுக்கு உண்டானால், உடைந்த ஓடு ஓரிடத்திலும் சொட்டும் நீர் வேறோரிடத்திலும் இருப்பதை எல்லோரும் கண்டிருப்பர். படகும் அவ்விதமே. அணியத்தருகே புகுந்த நீர் அடித்தளத்தின் வழியே ஓடி, தாழ்ந்திருக்கும் பின்புறத்தில் வந்து நிற்கும். நீர் நிற்குமிடத்தையே ஓட்டை என்று கொண்டு அடைத்தவர்கள் பலர். அவர்கள் செலவு வீண்.

முதற்கேள்வி, அது ஏரி நீரா, மழை நீரா என்பது. கடலிலாயின் நாவில் ஒரு துளி வைத்தால் உப்பு சொல்லிவிடும். ஏரியில் அவ்வசதி இல்லை. ஏற்காட்டுப் பக்கத்து மழை சாமானியமன்று. திறந்த பரப்பு 5 சதுர மீட்டர் உள்ள படகில் 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் 50 லிட்டர், அதாவது 50 கிலோ எடையுள்ள நீர் சேர்ந்துவிடும். ஆதலால் நீரை முற்றிலும் இறைத்து, துணியால் துடைத்து உலர்த்தி, மேலே படுதா கட்டி, ஓர் இரவு ஏரியில் மிதக்கவிட வேண்டும். காலையில் உட்புறம் உலர்ந்திருந்தால் குற்றம் மழையினுடையது. நீர் இருந்தால் எத்தனை மணி நேரத்தில் எத்தனை வாளி என்று குறித்துக் கொள்ளல் வேண்டும். இக்குறிப்பே பின்னர் வேண்டப்படும் சாட்சி.

அடுத்து, எப்பொழுது நீர் ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படகு சும்மா நிற்கும்போதே ஏறினால் ஓட்டை நீர்மட்டத்திற்குக் கீழே உள்ளது. ஆட்கள் ஏறியபின் மட்டும் ஏறினால், பாரத்தால் நீருக்குள் அமிழும் மேல்விளிம்பின் இணைப்பையும் ஆணித் துளைகளையும் பார்த்தல் வேண்டும். யந்திரம் ஓடும்போது மட்டுமாயின், குளிர்நீர்க் குழாய், அதன் பட்டைகள், புகைக்குழாய் ஆகியவற்றின் மீது சந்தேகம் செல்ல வேண்டும். யந்திரம் உள்ளே பொருத்தப்பட்ட படகுகளில் சுழல்தண்டு வெளிச்செல்லும் இடத்து அடைப்பையும் சோதிக்க வேண்டும். கயிற்றடைப்பு உள்ள பழைய வகையில் தண்டு சுழலும்போது சில சொட்டுகள் விழுவது இயல்பே. அதை நிறுத்த எண்ணி இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். தாரையாக ஒழுகினாலோ, நிறுத்தியபின்னும் ஓயாது வந்தாலோ அடைப்பை மாற்றல் வேண்டும். வெளியே மாட்டும் யந்திரமாயின், அதைத் தாங்கும் பின்பலகையின் போல்ட் துளைகளும் நீர்வடி திருகும் முதலில் பார்க்கத் தக்கவை.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப்பின் தமிழகக் கரையோரமெங்கும் கண்ணாடி நாரிழைப் படகுகள் பெருகின. கடலில் உழைத்த படகை மலைக்குக் கொணர்வதாயின் உப்பு தின்ற போல்ட்டுகளை எதிர்பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் லாரியில் குலுங்கி வந்த படகின் திருகுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பதும் அவசியம். பின்பலகையின் நாரிழைக்குள் மரம் வைத்திருப்பர். அது உளுத்திருந்தால் வெளியே தெரியாது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் தட்டினால், நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மொத்தென்றும் ஒலிக்கும். புதிதாகப் பூச்சிட்ட படகை விற்பவரிடம் இன்னும் அதிகமாகத் தட்டிப் பார்க்கலாம்.

மரப்படகு வேறு விதம். நெடுநாள் கரையில் காய்ந்த பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். அதை நீரில் இட்டு ஓரிரு நாள் இறைத்துக்கொண்டே இருந்தால் மரம் ஊறி மூடிக்கொள்ளும். அதற்குப் பின்னும் ஒழுகும் இடங்களுக்கே கலப்பற்று தேவை.

இடம் இன்னும் புலப்படாவிடில், படகைக் கரையேற்றி, அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுத்து, வெளிப்புறத்தை நன்கு துடைத்து, உள்ளே சிறிது நீர் ஊற்ற வேண்டும். வெளியே கசியும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடலாம். 4 விரற்கடை உயரத்திற்கு நீர் நிறுத்தினாலே சுமார் 300 கிலோ பாரம் ஆகும். முட்டுக் குறைந்தால் சோதனையே படகை உடைத்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது, அடித்தளத்தில் தங்கும். ஆகையால் தீக்குச்சியோ மண்ணெண்ணெய் விளக்கோ கொண்டு உள்ளே பார்த்தல் கூடவே கூடாது. மின்கை விளக்கையும் அடித்தளத்தைத் திறந்து காற்றோட்டம் விட்டபின்னரே கொண்டு செல்ல வேண்டும்.

இச்சோதனைகள் யாவும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே விற்பவர் முன்னிலையில் நடக்க வேண்டும். ஓரிரவில் ஏறிய நீரின் அளவு நிர்வாகக் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும். பழுது பார்த்தபின் அதே ஏரியில், அதே படுதாவின் கீழ், அதே அளவு நேரம் மிதக்கவிட்டு, இரண்டாம் அளவை முதல் அளவின் பக்கத்தில் எழுதலாம்.